பழகப் பழகப் பாலும் புளிக்கும்

அனைவருக்கும் வணக்கம். மகிழ்ச்சியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருப்பதாகச் சொன்னதும் வீட்டில் ஒரே சிரிப்பு. காலையில் சாவியைக் காணோம் என்று நான் போட்ட கூச்சல் அப்படி. போகட்டும்.

"போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்த மனம் எங்கே கிடைக்கும்? எனக்குப் பிடித்தது இன்னொரு பழமொழி. பழகப் பழகப் பாலும் புளிக்கும். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

புதுக் கைப்பேசி வாங்கிய முதல் வாரம் நினைவிருக்கிறதா? சட்டை நுனியால் அடிக்கடி துடைப்போம். திரையில் ஒட்டிவந்த தாளைக்கூட உரிக்க மனம் வராது. மூன்றாம் மாதம் அதே கைப்பேசி கட்டிலில் பறந்து விழும். பொருள் மாறவில்லை, நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை விசாரித்து எழுதிய ஓர் ஆய்வு 1978இல் வந்தது. பரிசு விழாதவர்களைவிட அவர்கள் சொல்லும்படியாக மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, ஒரு நல்ல நகைச்சுவையைக் கேட்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவே இருந்தது. 22 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் எனக்கு அது உறைத்தது.

பழகிப்போனதை மறுபடி பார்க்க என்ன வழி? நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதலில் தினமும் ஐந்து நல்ல விஷயங்கள் எழுதினேன். பத்தே நாளில் வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிட்டது: உடல்நலம், குடும்பம், வேலை, மறுநாளும் அதேதான். இப்போது வாரம் ஒருமுறை, ஒன்றே ஒன்று, ஆனால் விவரமாக. "குடும்பம்" என்று எழுதுவதில்லை. "மழையில் நனைந்து வந்தேன், மகள் கேட்காமலே துண்டை நீட்டினாள்" என்று எழுதுகிறேன். எழுதும்போதே அந்தத் துண்டின் சூடு தெரிகிறது.

அப்புறம், மனம் ஊர்மேயும் விவகாரம். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் கை ஓரிடம், மனம் வேறிடம். அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவு. இனிமையான நினைப்பில் அலைந்தாலும், கையிலிருக்கும் வேலையிலேயே மனம் இருப்பதைவிடக் கூடுதல் மகிழ்ச்சி இல்லையாம்!

நான் பாத்திரம் தேய்க்கும்போது, எப்போதோ நடந்த ஒரு சண்டைக்கு இன்றைக்குப் பதில் தேடுவேன். நல்ல பதில்களும் கிடைக்கும். இப்போது அந்த எதிராளி வந்ததும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்கிறேன். பாதி நாள் அவர்தான் ஜெயிக்கிறார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் இருப்பவரிடம் போய் நோட்டு வாங்கு, நல்லதை எழுது என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும். பல வாரங்களாக எதிலுமே பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, சாவி கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.