ரேஞ்சுக்குப் போவோமா என்று மச்சான் கேட்டால்

[காட்சி: மட்டக்களப்பு வாவி, தூரத்தில் பழைய கல்லடிப் பாலம்]

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். நம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் விசிட் விசாவில் போகிறவர்களை அங்கே இருக்கிற சொந்தக்காரர் நயாகரா பார்க்கக் கூட்டிப்போவார், மோலுக்குக் கூட்டிப்போவார். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், "வாங்க மாமா, ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ட்டு வருவம்" என்பார். ரேஞ்ச் என்றால் துவக்கு சுட்டுப் பழகும் இடம். அதற்கு என்ன பதில் சொல்வது, போனால் அங்கே எப்படி நடந்துகொள்வது? அதுதான் இன்றைய வீடியோ.

இலங்கையில் 1916இல் வந்த துப்பாக்கிச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. படுவான்கரையில் வயல் செய்கிற சிலரிடம் பயிர்க் காவலுக்கு லைசன்ஸ் எடுத்த சொட்கன் இருக்கும். மற்றவர்களுக்கு யானை வெடிதான். விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்த் துவக்கு சுட்டுப் பழகுவது என்பதெல்லாம் நமக்குப் பழக்கமில்லாத விடயம்.

அமெரிக்காவில் அது சாதாரணம். பல மாநிலங்களில் வனவிலங்குத் திணைக்களமே பொது ரேஞ்ச் நடத்துகிறது. காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தைச் சொல்வார்கள். இன்றைய கணக்கில் கைத்துப்பாக்கிக்கு 10 வீதம், நீளத் துவக்குக்கும் ரவைக்கும் 11 வீதம் வரி. அந்தப் பணம் காட்டு விலங்குப் பாதுகாப்புக்கும், வேட்டைக்காரர் பயிற்சிக்கும், இந்த ரேஞ்சுகளுக்கும் போகிறது. நம் பக்கம் யானை வேலிக்குப் பணம் தேடி அலைகிற கதையை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

[திரையில்: முதலில் விசா]

சரி, போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் பாஸ்போட்டை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே இது தெரிவதில்லை.

விசிட் விசா, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் போனவர் துவக்கையோ ரவையையோ வைத்திருப்பது அந்த நாட்டின் மத்திய சட்டப்படி குற்றம். ரேஞ்சில் மருமகனுடைய துவக்கை வாங்கி ஐந்து நிமிடம் சுட்டாலும் அது "வைத்திருந்தது" என்றுதான் கணக்கு. தண்டனை 15 வருடம் வரை போகலாம். விதிவிலக்கு சில உண்டு. முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பது. அதை வெளிநாட்டவரும் எடுக்கலாம், ஆனால் பல மாநிலங்களில் அதற்கு முன்பே பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். கிரீன் கார்ட் உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து புளோரிடாவுக்குப் படிக்க வந்த ஒருவர், பல்கலைக்கழகம் வெளியேற்றி, மாணவர் விசாத் தகுதியும் போன பிறகு ஒரு ரேஞ்சுக்குப் போய் இரண்டு துவக்குகளைச் சுட்டுப் பார்த்தார். அது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. நாட்டில் இருக்கத் தனக்கு உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகம்தான். ஆனால் அதற்கிடையில் அவர் பட்ட பாடு?

சுவிஸ் இன்னும் இறுக்கம். அங்கே 300 மீற்றர் ரேஞ்ச் ஊருக்கு ஊர் உண்டு. 300 மீற்றர் என்றால் கிட்டத்தட்ட நம்முடைய பழைய கல்லடிப் பாலத்தின் நீளம். ஆனால் இலங்கைக் குடியுரிமை உள்ளவர் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுடுவதையும் சுவிஸ் ஆயுதச் சட்ட விதிகள் தடுக்கின்றன. பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் இலங்கை இருக்கிறது. சுவிஸ் பாஸ்போட் எடுத்த அண்ணாவுக்குப் பிரச்சினை இல்லை, பார்க்கப் போன தம்பிக்கு இருக்கிறது.

கனடாவில் லைசன்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் விருந்தாளி சுடலாம். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, அனுமதி பெற்ற ரேஞ்சில் மேற்பார்வையோடு சுடலாம். லண்டன் பக்கம் என்றால் கைத்துப்பாக்கிக் கதையே எடுக்க வேண்டாம். வானத்தில் எறியும் களிமண் தட்டுகளைச் சொட்கனால் சுடுகிற இடங்கள் இருக்கின்றன.

எந்த நாடானாலும் ரேஞ்சுக்குப் போய்ப் பின்னால் நின்று பார்ப்பது வேறு, துவக்கைத் தொடுவது வேறு. சந்தேகம் இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

[காட்சி: ரேஞ்சின் வரைபடம்]

திறந்தவெளி ரேஞ்ச் எப்படி இருக்கும்? ஒரு கூரை, அதன் கீழ் வரிசையாகச் சீமெந்து மேசைகள். அதற்கு முன்னால் தரையில் ஒரு கோடு, அதுதான் சுடும் கோடு. அதைத் தாண்டி 25, 50, 100 யார் தூரங்களில் கடதாசி இலக்கு மாட்டும் சட்டகங்கள். கடைசியில் பெரிய மண் அணை.

அந்த அணைதான் முழு ரேஞ்சுக்கும் உயிர். இருப்பதில் சின்னது என்று சொல்லிக் கையில் தருவார்களே, .22 ரவை, அதன் சன்னம் ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. கல்லடிப் பாலத்தை எட்டுத் தடவை நீட்டிவைத்த தூரம். அதனால்தான் அணைக்கு மேலே வானத்தைப் பார்த்துத் துவக்கு வாய் உயர்ந்தாலே ரேஞ்ச் அதிகாரி சத்தம் போடுவார். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அவருடைய வேலை.

உள்ளே போனதும் துவக்கைப் பெட்டியிலிருந்து நினைத்தபடி எடுக்கக் கூடாது. மேசையில் வைத்து, வாய் அணையைப் பார்க்கும்படி பெட்டியைத் திருப்பிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ரவைக்கூடு கழற்றி, துவக்குக்குள் ரவை போய் இருக்கும் அறை திறந்து, உள்ளே நிறக் கொடி போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். தூரத்தில் நிற்பவருக்கும் "இது வெறுமை" என்று தெரியத்தான் அது.

[காட்சி: கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் நிற்கிறார்கள், மேசைகளில் துவக்குகள்]

இனி முக்கியமான இடம். ரேஞ்சில் ஆபத்தான நேரம் சுடுகிற நேரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிட ஆபத்து, சூட்டை நிறுத்திவிட்டு ஆட்கள் இலக்கைப் பார்க்க முன்னால் நடந்து போகிற நேரம்.

"ரேஞ்ச் இஸ் ஹாட்" என்றால் சுடலாம். "ரேஞ்ச் இஸ் கோல்ட்" என்றால் துவக்குகள் எல்லாம் வெறுமையாக்கி, அறை திறந்து, மேசையில் கிடக்க வேண்டும், ஆட்கள் மேசைகளை விட்டுப் பின்னால் வர வேண்டும். அதன் பிறகு துவக்கைத் தொடக் கூடாது. தொடவே கூடாது. ரவையைத் தட்டில் அடுக்குவது, தொலைநோக்கியால் இலக்கைப் பார்ப்பது, துணியால் துடைப்பது, ஒன்றும் வேண்டாம். முன்னால் மனிதர்கள் நடக்கிறார்கள். மேசைக்குக் கிட்டப் போகாதீர்கள், கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

சில பொது ரேஞ்சுகளில் அதிகாரியே இருக்க மாட்டார். அங்கே சுட வந்தவர்கள் தங்களுக்குள் பேசித்தான் நிறுத்துவார்கள். ஒருவர் கேட்பார், எல்லோரும் சம்மதம் சொல்வார்கள், பிறகு கொடியோ சிவப்பு விளக்கோ போடுவார்கள். சத்தம் கேட்காமல் காதை மூடும் மஃப் போட்டவருக்குக் கேட்டிருக்காது, ஆகவே கண்ணைப் பார்த்துக் கையை உயர்த்தி உறுதிசெய்ய வேண்டும். புதிதாகப் போகிறவருக்கு என் ஆலோசனை, அதிகாரி இருக்கிற ரேஞ்சாகப் பார்த்துப் போங்கள்.

"சீஸ் ஃபயர்" என்பது இன்னொன்று. ஆபத்து என்று கண்டால் யாரும் கத்தலாம். புதியவரும் கத்தலாம். கேட்டதும் விரலை எடுத்து, அப்படியே நிற்க வேண்டும்.

[காட்சி: ஒரு கை, விசைக்கு வெளியே நீட்டிய விரல்]

துவக்கைக் கையாளும் விதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். எந்தத் துவக்கும் நிரப்பியிருக்கிறது என்றே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதையும் வாய் பார்க்கக் கூடாது. குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் நம் ஆட்கள் பிழைவிடும் இடம் இரண்டாவது. காரணம் போன். "மாமா, இஞ்ச பாருங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட, கையில் துவக்கோடு முழு உடம்பும் திரும்பும். துவக்கின் வாய் வரிசையில் நிற்கிற எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றிவரும். சுட்டு முடித்து, துவக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புங்கள். படம் எடுத்தாலும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. அங்கே அது ஒரு பொழுதுபோக்குப் படம். இங்கே அதை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கைத்துப்பாக்கி பிடிக்கும்போது இடது பெருவிரலைப் பின்பக்கம் குறுக்கே வைக்க வேண்டாம், மேல்பகுதி பின்னால் வந்து தோலைக் கிழிக்கும். முதல் தடவை ஒரே ஒரு ரவை போட்டுச் சுடுங்கள். விசை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்காதீர்கள். வாய் அணையைப் பார்க்க, அரை நிமிடம் அப்படியே பிடித்துவிட்டு அதிகாரியைக் கூப்பிடுங்கள். சில ரவை பிந்தி வெடிக்கும்.

[காட்சி: காதுக்குள் வைக்கும் பஞ்சு, வெளிமஃப்]

காது விடயத்தில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு சத்தம் போதும், காது நிரந்தரமாகக் கெடலாம். பெரிய ரைஃபிள் 160ஐயும் தாண்டும், கூரை அதைத் திருப்பி அடிக்கும். உள்ளே பஞ்சு, வெளியே மஃப், இரண்டும் போடுங்கள். பஞ்சு என்றால் சாதாரணப் பருத்திப் பஞ்சு இல்லை, காதுக்கென்று விற்கிற ஃபோம் அடைப்பான். பஞ்சை விரலால் உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையால் காதை மேலே இழுத்து நுழைத்து, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் ஒட்டிவைத்தால் பயனில்லை.

கண்ணாடி கட்டாயம். கழுத்து மூடிய சட்டை, மூடிய சப்பாத்து. பக்கத்து மேசையிலிருந்து பறந்து வருகிற வெற்றுக்கோது சுடச்சுட இருக்கும். அது கழுத்துக்குள் விழுந்தால் ஆள் துள்ளுவார், கையில் துவக்கு இருந்தால் அந்தத் துள்ளல் ஆபத்து.

வெடிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் நாம். எத்தனை வருடம் போனாலும் சிலருக்கு முதல் வெடியிலேயே நெஞ்சு அடைக்கும். அம்மாவையோ சித்தப்பாவையோ கூட்டிப்போவதானால் முன்கூட்டியே கேளுங்கள். வரமாட்டேன் என்றால் ஏன் என்று துருவ வேண்டாம். வந்தவர் காருக்குள் போய் இருக்கப் போகிறேன் என்றால் சாவியைக் கொடுங்கள்.

முடிந்ததும் கை கழுவாமல் ஒன்றும் சாப்பிட வேண்டாம். ரவையின் பற்றுமருந்திலும் சன்னத்திலும் ஈயம் உண்டு, அது கையிலும் உடுப்பிலும் படியும். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, சின்னப் பிள்ளைகளைத் தூக்குவதற்கு முன் உடுப்பை மாற்றுங்கள்.

அப்புறம், ஞாபகத்துக்கு என்று ரவையோ வெற்றுக்கோதோ பையில் போட்டுவிடாதீர்கள். கட்டுநாயக்கவில் வந்து இறங்கும்போது ஸ்கேனில் ஒரு ரவை தெரிந்தால், அது பொழுதுபோக்குக்குச் சுட்டது என்று விளக்கி முடிக்க நீண்ட நேரம் எடுக்கும். ஞாபகத்துக்கு வேண்டுமென்றால் ஓட்டை விழுந்த இலக்குக் கடதாசியை மடித்துக் கொண்டுவாருங்கள்.