மதுரையை மதுரைக்காரருக்கு யார் காட்டுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் மதுரை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"கோடை விடுமுறையில் குடும்பத்துக்கு நிறைவான மகிழ்ச்சி தருவது வெளியூர்ச் சுற்றுலாவா, சொந்த ஊர் உலாவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், தினமும் பார்க்கிற ஊரில் புதுசாக என்ன இருக்கிறது, மதுரையில் கோயிலையும் வெயிலையும் விட்டால் வேறு என்ன என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார்.

அவரிடம் ஒன்று கேட்கிறேன். தினமும் பார்க்கிறோமா, தினமும் கடந்து போகிறோமா? ஆபீசுக்குப் போகிற வழியில் மஹால் வருகிறது, டியூஷனுக்குப் போகிற வழியில் தெப்பக்குளம் வருகிறது. வண்டியை நிறுத்தி இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் எத்தனை வருஷம் ஆச்சு?

போன கோடையில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். வெளியூர்ப் பயணத்தை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடம் என்று ஊரையே சுற்றினோம். முதலில் திருமலை நாயக்கர் மஹால். 1636-ல் கட்டியது, இன்றைக்கு நாம் பார்ப்பது அன்றிருந்த அரண்மனையில் கால்வாசிதான் என்று சொன்னதும் என் ஒன்பது வயது மகள் வாயைப் பிளந்தாள். தூணுக்குத் தூண் ஓடினாள், நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குச் செங்கல் எங்கிருந்து வந்தது என்று அவளாகவே கேட்டாள் பாருங்கள், அங்கேதான் எங்கள் கோடை ஆரம்பித்தது.

அந்தச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் ஆனது என்று நம் ஊரில் சொல்வார்கள். சரி, அடுத்த ஞாயிறு தெப்பக்குளம். மைய மண்டபம், சுற்றிலும் தண்ணீர், சாயங்காலக் காற்று, ஆளுக்கு ஒரு பருத்திப்பால். தண்ணீர் இல்லாத காலத்தில் இதே குளத்துக்குள்ளே இறங்கி நாங்கள் கிரிக்கெட் ஆடியதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் எனக்குச் சாட்சி சொன்னார்.

அந்தக் குளத்தைத் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர் என்பதும் வழிவழியாகச் சொல்லும் கதை. மூன்று குறுணி என்றால் பதினெட்டுப் படி. விநாயகர் சதுர்த்தி அன்று பதினெட்டுப் படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை! மூன்றாவது ஞாயிறு அவரைப் பார்க்காமல் இருப்பார்களா? அரண்மனை, குளம், பிள்ளையார், மூன்றும் ஒரே மண்ணின் கதையாகி, அடுத்து எங்கே என்று பிள்ளைகளே எங்களைத் துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நாள் பயணத்தில் பதினோரு இடம் பார்க்கிற அவசரத்தில் இப்படி ஒரு கதையைப் பின்தொடர்ந்து போக முடியுமா, நண்பர்களே?

கோயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2018-லிருந்து மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. பொற்றாமரைக் குளத்துப் படியில் நாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யார் கையிலும் போன் இல்லை. என் மாமியார், கல்யாணமான புதிதில் அந்தப் படியில் உட்கார்ந்து அழுத ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். பதினான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு அதுவரை தெரியாது.

வெளியூர் என்றால் அவரால் வர முடிவதில்லை, அவருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு வருஷமும் "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பார். வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுப் போவதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயரா? சொந்த ஊரில் ஆட்டோ பிடித்தால் அரை மணியில் போகலாம், முடியவில்லை என்றால் அரை மணியில் திரும்பலாம்.

நண்பர் வெயிலைச் சொன்னார். உண்மைதான், மே மாத மதுரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு யாரும் சுற்ற வேண்டாம். ஆனால் இது தூங்கா நகரம். காலை ஆறு மணிக்குக் கீழக்குயில்குடிக்குப் போங்கள். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் சமணர் மலை. பாறையில் வெட்டிய படியில் ஏறினால் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. வெயில் ஏறுவதற்குள் இறங்கி வந்துவிடலாம். வெயில் உச்சிக்கு வந்தபிறகு, 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. என் மகனை அங்கிருந்து கிளப்பத்தான் சிரமப்பட்டோம்.

அப்புறம் கீழடி. சிவகங்கை மாவட்டம் என்று எதிரணி மடக்கலாம், ஆனால் மதுரையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அருங்காட்சியகத்தில் தங்கத்தைப் பார்த்துப் பிள்ளைகள் நிற்கவில்லை. மண்ணில் செய்த ஆட்டக்காய்கள், பகடை, உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு, இவற்றின் முன்னால்தான் நின்றார்கள். "இது நம்ம பாண்டி ஆடுற சில்லுதானே?" என்றாள் மகள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் இதே வைகைக் கரையில் ஒரு பிள்ளை ஆடியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் கட்டம் போட்டு, எங்கள் எல்லோரையும் ஆட வைத்தாள்.

மேலமாசி வீதியில் துணி எடுக்கப் போகாத மதுரைக்காரர் யார்? அந்த வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி தன் உடையை முழங்கால் அளவு வேட்டியாக மாற்றிக்கொண்டார். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி, இரத்தக்கறையோடு இருக்கிறது. எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும் என் மகன் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்த பிறகு, "அப்பா, வேட்டி மாத்துனதும் நம்ம ஊரு, அந்த வேட்டி இருக்கிறதும் நம்ம ஊரா?" என்று கேட்டான்.

வெளியூருக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடலும் பனியும் மதுரையில் இல்லை, பிள்ளைகள் அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கோடை நெரிசல் எங்கே வந்து நிற்கிறது? 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் காருக்குப் பின்னால் காராக நின்று, பசியோடு அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்த பெற்றோர் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். இடம் மாறினால்தான் ஓய்வு என்றார் நண்பர். அந்தக் காருக்குள் கிடைத்தது ஓய்வா?

போன மாதம் சென்னையிலிருந்து என் தம்பி குடும்பம் வந்தது. நான் வேலையாக இருந்தேன். அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனது என் ஒன்பது வயது மகள்தான். முக்குறுணி விநாயகர் முன்னால் நிறுத்தி, கையை அகல விரித்து, பதினெட்டுப் படிக் கணக்கில் ஆரம்பித்து மஹால் செங்கல் வரைக்கும் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற இரண்டு குடும்பங்களும் கேட்டுக்கொண்டு நின்றார்களாம்.

நடுவர் மணி அடித்துவிட்டார், முடிக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்கள் சமணர் மலை அடிவாரத்தில் இருப்போம். எதிரணி நண்பர்கள் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வரவேண்டும். எல்லோருக்கும் இட்லி கட்டிக்கொண்டு வருகிறோம்.