வேலை போய்விட்டது, அடுத்து என்ன? | மன்னார்குடி வ்லாக்

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கும் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாமணி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன், எதிர் வயலில் அறுவடை வண்டி ஓடுகிறது. நிறுத்தச் சொல்ல முடியுமா? சம்பா அறுவடை நேரம், ஒவ்வொரு மணிக்கும் வாடகை.

சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை போய் ஊருக்கு வந்ததைப் போன காணொளியில் சொல்லியிருந்தேன். அதன் கீழே ஆறுதல் சொன்னவர்களைவிட, "எனக்கும் இதே கதைதான், எந்தத் தொழிலுக்குப் போகலாம்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் நான் எப்படி யோசிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். முடிவு இன்னும் முழுதாக எடுக்கவில்லை.

வேலை இல்லாமல் ஊருக்கு வந்தவனுக்கு யோசனை மட்டும் இலவசமாகக் கிடைக்கும். மாமா, "சிங்கப்பூருக்குப் போய்விடு மாப்பிள்ளை, ஏஜெண்டிடம் நான் பேசுகிறேன்" என்றார். அத்தை குரூப் 4 புத்தகமே வாங்கி வைத்துவிட்டார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு என்று இன்னொருவர் நினைவூட்டினார். நல்ல மனிதர்.

இன்னொரு பக்கம் ஆடு வளர்த்துக் கோடீஸ்வரர் ஆன காணொளிகள். ஆட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் கொல்லையெல்லாம் தண்ணீர் நிற்கும். ஈரத்தில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். பரண் கட்ட வேண்டும், அதற்கு முதலீடு வேண்டும். அந்தக் கணக்கை எந்தக் காணொளியும் காட்டுவதில்லை.

"உனக்கு எது பிடிக்கும் என்று யோசி" என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தூங்கப் பிடிக்கும். ஆகையால் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த ஊரில் மக்கள் எந்த வேலைக்காகக் கையில் காசை வைத்துக்கொண்டு, ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள்?

தை பிறந்த சில நாட்களில் அதற்கு ஒரு பதில் கண்ணில் பட்டது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் வயலில் பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி, பாதியில் நின்றிருந்தது. முன்பக்க வெட்டும் பகுதி மேலே எழும்பவில்லை. குனிந்து பார்த்தால் எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் ஹோஸ் (குழாய்) வெடித்து, எண்ணெய் அறுத்த தாளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தம்பி ஆத்தூரில் இருக்கும் முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து பஸ்ஸில் ஹோஸ் வர மறுநாள் ஆகுமாம். பெரியவர் வண்டியைப் பார்க்கவே இல்லை, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் நெல் நனையும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு நாள்கணக்கில் காவல் கிடக்க வேண்டும்.

தொழிற்சாலையில் நான் இருந்தது பராமரிப்புப் பிரிவு. பிரஸ் இயந்திரங்களின் ஹைட்ராலிக்தான் என் சோறு. அந்த ஹோஸைக் கழற்றி, நீளமும் இரு முனை நட்டுகளின் அளவும் குறித்துக்கொண்டு, தஞ்சாவூரில் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி மறுபடி வயலில் இறங்கிவிட்டது. கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்தத் தம்பி கேட்ட கேள்வி: "அண்ணே, நாளைக்கும் ஊரில்தான் இருப்பீர்களா?"

'சீனியர் இன்ஜினியர்' என்ற பதவி கம்பெனியோடு போய்விட்டது. அழுத்தம் எங்கே குறைகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த வேலை இங்கேயும் செல்லுபடியாகிறது. கணக்கு எழுதியவர், கிடங்கு பார்த்தவர், ஆட்களை மேய்த்தவர் யாராக இருந்தாலும் பதவியின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, தினமும் செய்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தெரு முனையில் இருக்கும் அரிசி ஆலைக்கு அதில் எது தேவைப்படும் என்று பிறகு யோசிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டூர் அணையில் பாசனத் தண்ணீரை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். எங்கள் வருமானமும் அந்தக் கணக்கில்தான் ஓடும். முதல் போகமான குறுவை நெல்லின் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். சம்பாவும், குறுவைக்குப் பின் நடும் தாளடிப் பயிரும் தை, மாசியில். அந்த மாதங்களில் சாப்பிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் வண்டிகள் வேறு ஊர்களுக்குப் போய்விடும். அறுவடை வண்டியை மட்டும் நம்பினால் வைகாசியில் மறுபடி மாமாவிடம் சிங்கப்பூர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் நவீன அரிசி ஆலைகளின் இயந்திரப் பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ள நினைக்கிறேன். நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருப்பது தஞ்சாவூரிலேயே இருக்கிறது. அங்கே என்னென்ன பயிற்சிகள் கொடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

கடன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்துக்குப் பொதுப் பிரிவுக்கு 25, பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் போன்ற பிரிவுகளுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. கையில் கிடைக்கும் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருக்கும், பிறகுதான் கடனில் கழியும். தவணை முதலில் நம் தலையில்தான். நான் இப்போதைக்குக் கடன் வாங்கவில்லை. ஒரு பட்டறை வாடகையும் கருவிப் பெட்டியும் சேமிப்பிலேயே அடங்கும். குறுவை வரை அப்படியே ஓட்டிப் பார்க்கிறேன், வேலை வருகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஆத்தூர், பெரம்பலூர் பக்கம் அறுவடை வண்டி வைத்திருக்கும் அண்ணன்கள் இதைப் பார்த்தால் ஒரு உதவி செய்யுங்கள். டெல்டாவுக்கு வரும்போது உங்கள் வண்டியில் அடிக்கடி போகும் பாகங்கள் எவை என்று கீழே எழுதுங்கள். எதை வாங்கி இருப்பு வைப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்.