மூன்றாவது ஆள் எதற்கு?

(கொடைக்கானலில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பனியிலும் வந்திருக்கிறீர்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்சிபி என்பது பலர் சேர்ந்து எழுதும் ஓர் இணையதளம்; விபரீதமான பொருள்களைப் பிடித்து அடைத்துவைக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் கோப்புகளாகவே அங்கே கதை எழுதுவார்கள். அதனால் எஸ்சிபி கதையைப் பார்த்தால் அலுவலகக் கோப்பு போல இருக்கும். எண், வகை, காவல் நடைமுறை, விவரம், பின்னிணைப்பு. எல்லாவற்றுக்கும் மூத்தது 2007-இல் வந்த 173, ஒரு சிலை. அறைக்குள் மூன்று பேருக்குக் குறையாமல் போக வேண்டும். வெளியே வந்து கதவைப் பூட்டும்வரை இரண்டு பேர் சிலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒருவர் இமைத்தால் இன்னொருவர் பார்க்க வேண்டுமே. மூன்றாவது ஆள்? தரையைக் கழுவ! யாரும் பார்க்காத நொடியில் சிலை நகர்ந்து கழுத்தை முறிக்கும் என்பது அதற்கப்புறம்தான் வருகிறது. ஆள் கணக்கைப் படிக்கும்போதே நமக்கு வியர்த்துவிடுகிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். விவரத்தில் பூதத்தை வளர்த்துவிட்டு, நடைமுறையில் ‘பலத்த காவல் போடவும்’ என்று முடித்துவிடுவார்கள். பெருமாள்மலைப் பக்கம் ஒரு பேருந்து நிழற்குடை என்று வைத்துக்கொள்வோம். ‘தினமும் மாலை 5.40-க்கு பெஞ்சில் மூன்று டம்ளர் டீ வைக்கப்பட வேண்டும். பனி இறங்கிய நாளில் நான்கு. காலியான டம்ளர்களை எண்ணும்வரை காவலர் பெஞ்சில் உட்காரக் கூடாது.’ இவ்வளவு போதும். பின்னிணைப்பில் ஒருநாள் வெயிலிலும் நான்கு டம்ளர் காலி என்று ஒரு வரி. காவலர் பெயர்ப் பட்டியலில் ஒருவர் குறைவு. காரணத்தைச் சொல்லிவிட்டால் கதை செத்தது.

‘பார்த்தவர் எல்லாரும் இறந்தனர்’ என்று எழுதினால், கோப்பை எழுதியது யார்? ரகசியம் என்று சொற்களை மறைக்கும் கறுப்புப் பட்டையும் அப்படித்தான். வாசகர் தானே இட்டு நிரப்பக்கூடிய இடத்தில் ஒன்றிரண்டு போதும். ஊர், நாள், அளவு எல்லாவற்றையும் மறைத்தால் எழுதியவருக்கே தெரியவில்லை என்று அம்பலமாகிவிடும். சோதனைக் குறிப்புகளில் மூன்றாவதும் முதலாவதைப் போலவே முடிந்தால் வெட்டிவிடுங்கள்.

வகைப்பாட்டில் ஒரு குழப்பம் உண்டு. ‘கெட்டர்’ என்றால் ரொம்ப ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது அடைத்துவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு. பெட்டியில் போட்டுப் பூட்டினால் சும்மா கிடக்கிறதா, ‘சேஃப்’. என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லையா, ‘யூக்ளிட்’. எப்படியும் வெளியே வந்துவிடுமா, ‘கெட்டர்’. பொத்தானை அழுத்தினால் உலகமே அழியும் கருவிகூட, அழுத்தாதவரை சேஃப்தான்.

நம்மூர்க்காரர்கள் குறிஞ்சியை விடமாட்டார்கள். பூ பூக்கும்போது பேய் வரும் என்பது வெறும் அலங்காரம். 2006, 2018 என்று இரண்டு பதிவுகளை மட்டும் வைத்து, ‘2029 டிசம்பருக்குள் வேலியை மாற்றவும்’ என்று எழுதிப் பாருங்கள். மிச்சக் கணக்கை வாசகர் போட்டுக்கொள்வார்.

நடைக்கு ஆங்கிலக் கோப்பைப் பெயர்க்க வேண்டாம். தாலுகா அலுவலகத் தமிழ் கைவசம் இருக்கிறது: ‘மேற்படி பொருள்’, ‘பார்வையில் காணும் கடிதம்’, ‘ஆணையிடப்படுகிறது’. அந்த உணர்ச்சியற்ற குரலுக்கு ஈடில்லை. (மனு கொடுத்து அலைந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.)

வாசகர் ஓட்டு மைனஸ் பத்துக்கு இறங்கினால் கதையை நீக்கும் தளம் அது. முழுதாக எழுதுமுன் கருவை இரண்டு வாக்கியத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, படம். அங்கே எழுதுவதை யாரும் எடுத்து வளர்க்கலாம், பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில். அதனால் பிறர் படத்தை ஒட்டக் கூடாது. 173-இல் இருந்தது ஜப்பானியச் சிற்பி இசுமி கட்டோவின் சிற்பத்தின் படம்; அனுமதி கேட்காமல் போட்டது. 2022-இல் எடுத்துவிட்டார்கள். கோப்பு இன்றும் படமில்லாமலேதான் நிற்கிறது.