பிசிபி லேஅவுட்ல ஏன் சிவப்பு, நீலம்? கம்ப்யூட்டருக்கு முன்னாடியே வந்த ஜோடி!

வணக்கம் மக்களே! பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல பார்ட்ஸ் வாங்கி பிசிபி, அதாவது எலெக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு போடுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு கேள்வி. இன்னிக்கு போர்டு வரையிற சாஃப்ட்வேரான கீகேட் திறந்தா மேல் காப்பர் லேயர் சிவப்பு, கீழ் லேயர் நீலம். அதே வேலை செய்யுற அல்டியம்லயும் அப்படித்தான். சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னாடியே இந்த ரெண்டு நிறமும் லேஅவுட் மேசையில இருந்துச்சு, தெரியுமா?

[திரையில்: லைட் டேபிள், மைலார் ஷீட், ரெண்டு நிற டேப்]

அப்போ லேஅவுட்னா, அதாவது காப்பர் பாதை எங்க போகணும்னு வரையிறதுன்னா, டேப் ஒட்டுறது. போர்டோட ரெண்டு மடங்கு அளவுல மைலார்ங்கிற பிளாஸ்டிக் ஷீட். ஐசி கால் இடைவெளி 0.1 இன்ச்னா ஷீட்ல 0.2. ட்ராக் (காப்பர் பாதை) 0.05 இன்ச் வேணுமா, 0.1 இன்ச் டேப். ஒரு பக்கத்துக்கு சிவப்பு, மறு பக்கத்துக்கு நீலம், ரெண்டும் ஒரே ஷீட்ல! சிவப்பு ஃபில்டர் மாட்டி கேமராவுல எடுத்தா சிவப்பு டேப் காணாமப் போயிடும், நீலம் கறுப்பா விழும். நீல ஃபில்டர்னா தலைகீழ். பேட் (பார்ட்ஸ் காலை சால்டர் பண்ற இடம்) மட்டும் கறுப்பு, அதனால ரெண்டு ஃபிலிம்லயும் அதே இடத்துல விழும். லேயர் விலகுற பேச்சே இல்ல. என்ன அழகான யோசனை!

ஆனா வளைவுல டேப்பை இழுத்து ஒட்டிட்டா, நாள் போகப் போக சுருங்கி நகரும். பேட் ஓரத்துல மயிரிழை இடைவெளி விழும், போர்டுல அது அறுந்த ட்ராக். சரிபார்க்க, ஒருத்தர் ஸ்கீமேட்டிக்கை (சர்க்யூட் படத்தை) படிப்பார், இன்னொருத்தர் கலர் பென்சிலால அடிச்சுக்கிட்டே வருவார்.

அப்புறம் லேஅவுட் சாஃப்ட்வேர் வந்துச்சு: 1985-ல ஆஸ்திரேலியாவுல ப்ரோட்டெல், 1988-ல ஜெர்மனியில ஈகிள், 1992-ல பிரான்ஸ்ல கீகேட். வரலாறு அவ்ளோதான்.

ட்ராக்கைத் தானே போடுற ஆட்டோரௌட்டரைத்தான் எல்லாரும் புகழுவாங்க. என்னைக் கேட்டா, பெரிய மாற்றம் நெட்லிஸ்ட்தான், அதாவது எந்தக் கால் எதோட சேரணும்ங்கிற பட்டியல். ஸ்கீமேட்டிக்ல இருக்கிற ஒரு இணைப்பு லேஅவுட்ல விட்டுப்போனா சாஃப்ட்வேரோட தானியங்கி சோதனையான டிஆர்சி உடனே காட்டிடும். பென்சிலுக்கு வேலையே இல்ல.

அடுத்து கெர்பர், போர்டு செய்யுற இடத்துக்கு லேயர் படத்தை அனுப்புற கோப்பு வடிவம். பழைய 274டி கோப்புல "டி10-ஐ இங்க வை"னு மட்டும் இருக்கும். டி10ங்கிறது ஒரு வடிவத்தோட நம்பர், அது எவ்ளோ பெருசுன்னு தனி பட்டியல் சொல்லணும். தப்பான பட்டியல் போனா 60 மில் (ஒரு மில்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பேட் 10 மில் ஆயிடும். அடுத்து வந்த 274எக்ஸ் வடிவம் அந்த அளவைக் கோப்புக்குள்ளயே வெச்சிடுச்சு.

ஓட்டை எங்க போடணும்னு சொல்ற ட்ரில் கோப்புல மட்டும் இன்னும் கவனம் வேணும். புள்ளி இல்லாம எழுதின எண்ணை எதிர்ப்பக்கம் வேற கணக்குல படிச்சா, ஓட்டையெல்லாம் பத்து மடங்கு தள்ளிப் போகும். அதனால டெசிமல் ஃபார்மேட்லயே எடுங்க. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில போர்டு செய்யுறவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கெர்பர் வியூவர்ல காப்பர் மேல ட்ரில்லை வெச்சுப் பாருங்க. ஒரு ஓட்டை பேட் நடுவுல உட்காரலைன்னாலும் அனுப்பாதீங்க.