ராடுக்கும் எடை உண்டு

(ஜிம்மில் பக்கத்து ஆளைப் பார்த்து எடை தூக்குவது ஊக்கமா, உபத்திரவமா? 'உபத்திரவமே' அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மணியைக் கையில் வைத்திருக்கிற அம்மாவுக்குத் தனி வணக்கம். கொஞ்சம் பார்த்து அடிங்க.

எங்கள் தெரு ஜிம்மில் நான் சேர்ந்த இரண்டாவது நாள். பெஞ்சில் ஒரு பையன். மீசை இன்னும் முழுசாக முளைக்கவில்லை. ராடில் பக்கத்துக்கு 20 கிலோ பிளேட். பன்னிரண்டு தடவை தூக்கிவிட்டு எழுந்தவன் என்னைப் பார்த்து, "அண்ணா, பிளேட்டைக் கழட்டட்டுமா?" என்றான். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் என் காதில், "பெரியவரே, உங்களால முடியுமா?" என்றுதான் விழுந்தது.

"இருக்கட்டும் தம்பி" என்றேன். நாற்பது கிலோதானே! வீட்டில் காஸ் சிலிண்டர் தூக்குகிற ஆள் நான்.

படுத்தேன். எடுத்தேன். இறங்கியது, இறங்கியது, நெஞ்சில் உட்கார்ந்தது. கடன் கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி, எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கோடியிலிருந்து மாஸ்டர் கத்துகிறார்: "சார், ராடே இருபது கிலோ!"

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். நான் போட்ட கணக்கில் ராடே இல்லை! ஆக மொத்தம் அறுபது. கத்தினால் மானம் போகும், கத்தாவிட்டால் உயிர் போகும். எது முக்கியம் என்று இரண்டு நொடி யோசித்தேன் பாருங்கள், அதுதான் இந்தத் தலைப்பு! நல்லவேளை, பிளேட் கழன்று விழாமல் பிடிக்கிற லாக் போடவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து பிளேட் தடாலென்று விழ, மறுபக்கக் கனம் ராடையும் என்னையும் சேர்த்துப் புரட்டிப் போட்டது. பாட்டை நிறுத்திவிட்டு ஜிம்மே பார்த்தது. பையன் ஓடிவந்து, "அண்ணா, அடி பட்டுச்சா?" என்றான். பட்டது தம்பி, எங்கே என்று காட்ட முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி தூக்கியது மொத்தம் 240 கிலோ, வெண்கலம். டோக்கியோவில் மீராபாய் சானு 202 கிலோ, வெள்ளி. குறைவாகத் தூக்கியவருக்குப் பெரிய பதக்கமா? முன்னவர் 69 கிலோ பிரிவு, பின்னவர் 49 கிலோ பிரிவு. ஒலிம்பிக்கிலேயே ஆளை நிறுத்துவிட்டுத்தான் யாரோடு யார் என்று முடிவு செய்கிறார்கள். என்னையும் அந்தப் பையனையும் யார் நிறுத்தார்கள்?

எதிரணி நண்பர் ஒன்று சொன்னார். "கண்ணாடியும் பக்கத்து ஆளும் பிடிக்கவில்லை என்றால் அரிசி மண்டிக்குப் போய் மூட்டை தூக்கட்டும், கூலியாவது கிடைக்கும்." நீங்களும் கைதட்டினீர்கள். நானும் சிரித்தேன். ஐயா, நான் மண்டியிலிருந்துதான் வருகிறேன்.

எங்கள் அப்பா அங்கே மூட்டை தூக்கியவர். துண்டைச் சும்மாடாகச் சுற்றிக் குனிவார், இரண்டு பேர் ஏற்றிவிடுவார்கள். 75 கிலோ மூட்டை. லாரிக்குப் போட்ட பலகை அவர் நடக்க நடக்க வளையும். தூக்குவாளியோடு நின்று பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒருவன் அப்பா வேகத்துக்கே நடக்கப் பார்த்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "டேய், என்னைப் பாக்காத. பலகையைப் பாத்து நட."

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்குவதுதான் பயிற்சி. பக்கத்துக் கட்டில்காரர் நடக்கவே ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் பொறாமை, நான்தான் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்க்கவில்லை. சொம்பையே பார்த்தார். மேலே வந்தது, ஆடியது, பாதித் தண்ணீர் சட்டையில். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்றார்.

மணி அடிச்சிட்டீங்களா அம்மா? சரி. வணக்கம்.