பட்டிமன்ற உரை: டிசம்பர் மாங்காய்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தலுக்குள் இடமில்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம். கொடுத்திருப்பது ஏழு நிமிடம், அதனால் வணக்கம் இத்தோடு போதும்.

"அரசு ஒட்டுக்கேட்கிறது என்று ஒரு செய்தி வந்தால், முதலில் விசாரிக்க வேண்டியது செய்தியையா, செய்தியாளரையா?" இதுதான் தலைப்பு. நாங்கள் செய்தியின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா ஒரே வரியில் எங்கள் அணியை முடித்துவிட்டார். "அழுகின முட்டை விற்ற கடைக்கே மறுபடியும் போய் ஆம்லேட் கேட்கிறவர்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் இருக்கும் என் வீட்டுக்காரியும் கைதட்டினாள். நான் பார்த்துவிட்டேன். அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறோம்.

முட்டைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மாங்காய்.

எட்டாம் வகுப்பில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எங்கள் அறையில் ஒருவன் இருந்தான். அவனுக்குப் பட்டப்பெயர் "தாத்தா". ஏனென்றால் லீவு வேண்டும் என்றால் தாத்தாவைச் சாகடித்துவிடுவான். காலாண்டுப் பரீட்சைக்குள் மூன்று தாத்தா போயாகிவிட்டது. நாலாவதுக்குத் தலைமையாசிரியர், "டேய், உனக்கு மொத்தம் எத்தனை தாத்தாடா?" என்று கேட்டார். இவன் கண்ணை இமைக்கவில்லை. "கூட்டுக் குடும்பம் சார்!"

இந்த யோக்கியன் ஒரு நாள் ராத்திரி எங்களைக் கூப்பிட்டு, "டேய், நம்ம லெட்டரையெல்லாம் வார்டன் பிரிச்சுப் படிக்கிறார்டா. டீ கெட்டில் ஆவியில காட்டி இன்லண்ட பிரிக்கிறார், படிச்சிட்டு மறுபடி ஒட்டிடுறார்" என்றான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "அஞ்சாவது தாத்தா எப்போடா?" என்றோம். அவன் பொய்யன், ஆகவே அவன் சொன்னது பொய். விஷயம் முடிந்தது. பேராசிரியை அம்மாவின் வாதத்தை நாங்கள் எட்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டோம்!

அவன் விடவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து அம்மாவுக்கு ஒரு இன்லண்ட் எழுதினான். "அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல். வார்டன் சார் வீட்டு மரத்தில் மாங்காய் 12 பறித்து, என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன்." நன்றாக எச்சில் தொட்டு ஒட்டி, வார்டன் அறை வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டான்.

மறுநாள் ராத்திரி எட்டரை மணி. டார்ச் லைட்டோடு வார்டன் வருகிறார். கூடத்தில் நாற்பது டிரங்குப் பெட்டி. அவர் இடப்பக்கம் பார்க்கவில்லை, வலப்பக்கம் பார்க்கவில்லை. நேராக தாத்தா பெட்டி! சட்டையை எடுத்தார். போர்வையை எடுத்தார். ஒரு டவுசரை உதறினார். நடுவர் அவர்களே, இதுவரை மாங்காய் என்ற வார்த்தையை அந்தக் கூடத்தில் யாருமே சொல்லவில்லை. பெட்டிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. டார்ச் அடித்து வாய்விட்டுப் படித்தார்: "சார், டிசம்பர்ல மாங்காய் காய்க்காது."

யோசித்துப் பாருங்கள். அது அவருடைய சொந்த மரம். தூங்கி எழுந்தால் ஜன்னலில் தெரிகிற மரம். காய் இருக்கிறதா என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மரத்தை விட்டுவிட்டுக் கடிதத்தைப் பார்த்தார்.

அப்புறம் என்ன நடந்தது? பெரிய விசாரணை. யாருக்கு? தாத்தாவுக்கு. "பொய்க் கடிதமா எழுதுறே?" என்று ஒரு மணி நேரம் முட்டி போட வைத்தார்கள். புதைத்த தாத்தாக்களை எல்லாம் தோண்டி எடுத்து மறுபடி விசாரித்தார்கள். கெட்டிலைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை.

சரி, இப்போது முட்டை. 'தி வயர்' என்ற செய்தி இணையதளம் 2022 அக்டோபரில் ஒரு செய்தி வெளியிட்டது. பா.ஜ.க. ஐ.டி. பிரிவுத் தலைவர் அமித் மாளவியா நினைத்தால் இன்ஸ்டாகிராமில் யாருடைய பதிவையும் தூக்க வைக்க முடியும் என்றது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம், வயர் ஆதாரமாகக் காட்டிய மின்னஞ்சலே போலி என்று மறுத்தது. போலிதான். அந்த மாதமே செய்தியைத் திரும்பப் பெற்று, வாசகர்களிடம் மன்னிப்பும் கேட்டார்கள். சரிபார்க்காமல் போட்டது பெரிய தப்பு. நான் முட்டுக் கொடுக்க வரவில்லை. அம்மா சொன்னது சரி, முட்டை அழுகல்.

ஆனால் அம்மா அந்த முட்டையை எதன் மேல் எறிகிறார் தெரியுமா? அதற்கு ஒரு வருடம் முன்னால், 2021 ஜூலை 18 அன்று வந்த, போனை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய செய்தி மேல்! அது ஒரு கடைச் சரக்கு இல்லை. வயரோடு கார்டியன், வாஷிங்டன் போஸ்ட், லெ மோந்த் என்று 17 ஊடகங்கள் சேர்ந்து செய்தது. வேவு பார்க்கக் குறித்து வைத்ததாகக் கருதப்பட்ட 50,000க்கு மேல் போன் எண்கள் கொண்ட பட்டியல், அதில் சரிபார்த்த இந்திய எண்கள் சுமார் 300. பெகாசஸை விற்கிற இஸ்ரேலியக் கம்பெனி, அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்று தானே சொல்கிறது. மிஸ்டு கால்கூட வேண்டாம், போன் சும்மா கிடக்கும்போதே உள்ளே போய் மைக்கையும் கேமராவையும் திறந்துவிடும்.

பட்டியலில் பெயர் இருந்தாலே வேவு பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. அதனால்தான் போன்களை வாங்கி மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியின் ஆய்வகத்தில் திறந்து பார்த்தார்கள். வயர் ஆசிரியர்கள் சித்தார்த் வரதராஜன், எம்.கே. வேணு இருவர் போனிலும் பெகாசஸ் தடம் இருந்தது. அந்த ஆய்வு முறையை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் தனியாகச் சரிபார்த்தது. அம்மா, இது தாத்தா வாயால் சொன்ன கதை இல்லை. பெட்டியைத் திறந்து, சீட்டை எடுத்த கதை.

செய்தி வந்த மறுநாள் மக்களவையில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் எழுந்தார். நம் நாட்டுச் சட்டத்தில் சட்டவிரோதக் கண்காணிப்புக்கு வாய்ப்பே இல்லை என்றார். அதே நாள் வந்த அடுத்த செய்தி என்ன? பட்டியலில் அவர் எண்ணும் இருக்கிறது! 2017இல், அவர் அமைச்சராகும் முன்னால் சேர்த்த எண் என்றார்கள். எனக்கு அவர் மேல் நிஜமாகவே பரிதாபம்தான். வார்டனுக்காக வாதாடப் போன பையனின் பெட்டியையும் அல்லவா குறித்து வைத்திருக்கிறார்கள்!

விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. பெகாசஸ் வைத்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, தேசப் பாதுகாப்பு, பிரமாணப் பத்திரத்தில் சொல்ல முடியாது என்றது அரசு. தேசப் பாதுகாப்பு என்று சொன்னவுடன் எல்லாவற்றுக்கும் விலக்குக் கிடைத்துவிடாது என்று சொல்லி, 2021 அக்டோபர் 27 அன்று நீதிமன்றம் குழு போட்டது. 29 போன்களைப் பார்த்தார்கள். ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் தாத்தா ஆகிவிடுவேன், அதனால் சொல்லிவிட்டேன். கூடவே அப்போதைய தலைமை நீதிபதி ரமணா சொன்னதையும் அம்மா சொல்லியிருக்கலாம்: மத்திய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை.

ஆக, கெட்டில் இருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் 2022 அக்டோபர் 31 அன்று, அந்த முட்டைச் செய்திக்காக வயர் ஆசிரியர்கள் வீட்டுக்கு டெல்லி போலீஸ் போய் போன், லேப்டாப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தது. பொய்க் கடிதத்துக்கு முட்டி போட வைக்க மட்டும் ஆள் உண்டு.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. ஒரே நிமிடம்.

அம்மா கடைசியில் இன்னொன்று கேட்டார். "மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" இதற்குச் சட்டப்படி பதில் எழுதி எடுத்து வந்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டேன்.

போன வருடம் என் அம்மா போய்ச் சேர்ந்தார். அவர் டிரங்குப் பெட்டியில் நான் விடுதியிலிருந்து எழுதிய இன்லண்டெல்லாம் நூல் போட்டுக் கட்டி இருந்தது. மாங்காய் ராத்திரிக்கு முந்தின கடிதங்கள் ஓரத்திலும் மடிப்பிலும்கூட எழுதி நிரம்பியவை. சாம்பாரில் வண்டு, பெரிய பையன்கள் அடிக்கிறார்கள், ராத்திரி அழுகை வருகிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போ. அதற்குப் பிந்தினவை எல்லாம் மூன்றே வரி. "நான் நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. வார்டன் சார் நல்லவர்." தேதி மட்டும்தான் மாறியிருக்கிறது. எனக்கு மறைக்க என்ன இருந்தது? வண்டு இருந்தது, அவ்வளவுதான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அம்மா. அந்த முழுப்பரீட்சை லீவில் கேட்டார், "இப்பல்லாம் ஏன்டா ஒண்ணுமே எழுத மாட்டேங்கிறே? அம்மா மேல கோபமா?" நான் "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.

அதில் ஒரு கடிதம் இதோ, இந்தச் சட்டைப் பையில் இருக்கிறது. பேராசிரியை அம்மா, நீங்கள் கேளுங்கள், தருகிறேன். கேட்டு வாங்கிப் படியுங்கள். வணக்கம்.